அப்பா தூங்குகிறார்

உள்ளறையில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டதும் பெரியவளின் கையிலிருந்த கத்தி பாதி உருளைக்கிழங்கில் நின்றது. ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவன், ஒரு காலை மடக்கியபடி அப்படியே கல்லாகிப் போனான். விழுந்தது எவர்சில்வர் டம்ளர். மரத்தரையில் ஒருமுறை துள்ளி, நிதானமாக உருண்டு, எதிலோ முட்டிக்கொண்டு ஓய்ந்தது.

எழுந்தவள் பெரியவளின் தம்பி மனைவி மட்டும்தான். கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. வீட்டின் சட்டதிட்டங்கள் இன்னும் அவள் உடம்பில் ஊறவில்லை. இரண்டடி எடுத்து வைப்பதற்குள் பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மற்றக் கையின் விரல் உதட்டுக்குப் போனது.

"டம்ளர் விழுந்துச்சு அண்ணி. எடுத்து வச்சிட்டு வந்துடறேன்."

"உக்காரு. அப்பா முழிச்சாருன்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுப்பாரு. வந்த இடத்துல நமக்கு எதுக்கு?"

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வழக்கமாக அடுத்தது ஒரு வசவு வரும். 'யாரது அங்க' என்று தொடங்கி, இந்த வீட்டில் மனுஷன் கண் மூட வழியுண்டா என்று முடியும். வசவு வந்தால் அகப்பட்டோம், வராவிட்டால் பிழைத்தோம், அவ்வளவுதான் கணக்கு. வரவில்லை. பெரியவளின் கணவன் நெற்றியிலிருந்து வராத வியர்வையை வழித்து உதறிக் காட்டினான். பெரியவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது ஆபத்து, ஓடைப் பக்கம் போய்விடலாம் என்று சைகை காட்டினாள். காலில் மாட்டினால் படியில் சத்தம் வரும் என்பதால் மூவரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டார்கள். அப்படித்தான், திருடர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக, அந்த மரவீட்டை விட்டு வெளியே வந்தார்கள்.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அது வேடிக்கையில்லை, பழக்கம். அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவில் இருந்தவர். ஊர் உறங்கும்போது உழைத்து, ஊர் விழிக்கும்போது வந்து படுப்பார். அவர் பகல் தூக்கத்தைச் சுற்றித்தான் அந்த வீடே கட்டியிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. கதவுத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியிருக்கும். குக்கர் விசிலடிக்கும் தருவாயில் அம்மா கரண்டியோடு போய் நின்று, அது வாய் திறப்பதற்கு முன்பே தூக்கிவிடுவாள். பிள்ளைகள் பேசப் பழகுவதற்கு முன்பே கிசுகிசுக்கப் பழகினார்கள். தம்பிக்குப் பெண் பார்த்தபோதுகூட அந்தக் கிசுகிசுப்பு மாறவில்லை. பெண் வீட்டார் அதைக் கேட்டுவிட்டு, ரொம்பப் பதவிசான குடும்பம் என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

அவர் கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கைகள் எத்தனை வீட்டுக் காலையுணவைப் பிசைந்தன என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் தூங்கினால்தான் ராத்திரி இயந்திரத்தின் பக்கத்தில் விழிப்பாக நிற்க முடியும். அதனால் அவரைத் தூங்க விடுவதுதான் அவர்கள் அவருக்குக் காட்டிய பிரியம். வேறு பிரியம் காட்ட அவர் நேரம் கொடுத்ததில்லை.

இந்த வருஷம் அவருக்கு வேலை ஓய்ந்தது. காட்டுக்குள் இந்த மரவீட்டைப் பிடித்து எல்லோரையும் கூட்டி வந்தவள் பெரியவள்தான். ஆயத்த ஆடைக் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவள். அவள் விரலை உயர்த்தினால் ஒரு கூடம் முழுக்கத் தையல் மெஷின் நிற்கும். அப்பா அவளை 'சூப்பர்வைசரம்மா' என்றுதான் கூப்பிடுவார். மின்சாரம் இல்லாத இடம், விறகடுப்பு, போனில் பேச வேண்டுமானால் காட்டுக் கேட் வரைக்கும் போக வேண்டும், வயசானவரை அங்கே எதற்கு இழுக்கிறாய் என்று தம்பி முரண்டு பிடித்தான். அவள் விடவில்லை. அப்பா எங்களோடு ஒரு இடத்துக்காவது வந்திருக்கிறாரா என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள்.

அப்பாவுக்கோ காடும் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான். பழக்க தோஷம், ராத்திரி கண் மூடவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கடைரொட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "இது வேகல," என்று ஓரமாக வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, "இவ்வளவு இருட்டை நான் சும்மா உக்காந்து பாத்ததே இல்ல, சூப்பர்வைசரம்மா," என்றார். அது அவருடைய பாராட்டு என்று அவளுக்குப் புரிந்தது. காலை முழுக்க அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தாள்.

கொண்டு வந்த பால் திரிந்துவிட்டதால் அம்மாவும் தம்பியும் காரில் கேட் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார்கள். காட்டுப் பாதையில் போய் வர இரண்டு மணி நேரம் ஆகும். கிளம்பும்போது அம்மா கதவோரம் நின்று, "இப்பத்தான் கண்ணு அசந்தார். எழுப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓடைக் கரையில் வந்ததும்தான் அவர்களுக்குத் தொண்டை திறந்தது. பெரியவளின் கணவன் மாமனார் வசவை அப்படியே பேசிக் காட்டினான். பெரியவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தம்பி மனைவி மட்டும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, அடிக்கடி மரங்களுக்கிடையே வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பெரியவளுக்கு உறுத்தியது. இந்த வீட்டுப் பழக்கத்தை நீயும் பழகிக்கொள்ள வேண்டாமா என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டாள். அந்தப் பெண்ணின் பிறந்த வீடு ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில். நாள் பூராவும் அண்டாவும் குண்டாவும் விழுந்துகொண்டே இருக்கும் வீடு.

"எங்க வீட்ல அந்தச் சத்தத்துக்குள்ளதான் தூங்குவோம் அண்ணி. ஏதாவது விழுந்தா யாராவது போய் எடுப்போம். அவ்வளவுதான்."



திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடத்தில் தோல் சீவிய கிழங்குகள் கறுத்துக் கிடந்தன. உள்ளறைக் கதவைப் பெரியவள்தான் திறந்தாள். கீல் முனகாமல் இருக்கக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினாற்போலத் திறந்தாள்.

அப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் பின்னால் விலகிக் கட்டிலை விட்டுத் தொங்கியது. நல்ல தூக்கம் என்று நினைத்துத் திரும்பப் போனவள், அந்தக் கையைப் பார்த்து நின்றாள். தொங்குகிற கை மரத்துப் போகும், எடுத்து மேலே வைக்கலாம் என்று குனிந்து தொட்டாள். மாவுக்குள்ளேயே கிடந்த கை, எந்தப் பனியிலும் சூடாக இருக்கும் கை. அது அவள் விரலுக்குள் பலகை மாதிரி இருந்தது.

முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கண் கீழே போனது. முக்காலிக் காலடியில் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்த தண்ணீர் தரைப் பலகையில் கறுப்பாக ஊறியிருந்தது.

அடுத்து அவள் செய்ததை ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. டம்ளரை எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். முக்காலி மேல், சொம்புக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்தாள். சத்தமே வராமல்.

நிமிர்ந்தபோது நிலைப்படியில் தம்பி மனைவி நின்றிருந்தாள். அவள் பார்வை டம்ளர் மேல் இருந்தது. பிறகு பெரியவள் மேல் வந்தது. பிறகுதான் கட்டிலுக்குப் போனது.

பெரியவள் தன் கணவனைக் கிசுகிசுப்பாகத்தான் கூப்பிட்டாள். அவன் வந்து காதை மார்பில் வைத்துக் கேட்டான். புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்தினான். "மாமா" என்று மெல்லக் கூப்பிட்டவன், குரலை ஏற்றி ஏற்றி, கடைசியில் கூரை அதிரக் கூப்பிட்டான். அந்த மனிதரின் அறையில் அப்படியொரு குரல் அதற்கு முன் எழுந்ததில்லை. நெடுநேரம் அழுத்திவிட்டு, களைத்துப் போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்தான்.

கார் வந்த சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்காதபடிதான் தம்பி வந்தான். சரிவில் இஞ்சினை அணைத்துவிட்டு, காரைத் தானாக உருள விட்டு, மரத்தடியில் நிறுத்தியிருந்தான். அம்மா ஒரு கையில் பால் பையும் மறு கையில் செருப்புமாகப் படியேறி வந்தாள். கூடத்து வாசலில் நின்ற மகளைப் பார்த்து, கன்னத்தின் கீழ் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்து, 'தூங்குறாரா' என்று சைகையால் கேட்டாள்.

 பெரியவள் வழியை விட்டு விலகி நின்றாள். அது போதுமானதாக இருந்தது.

அங்கே யாரும் கதறவில்லை. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க அழுதாள். தம்பி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் அடக்கிப் பழகிய தொண்டை, திறக்கச் சொன்னால் உடனே திறந்துவிடுமா?

ஆம்புலன்ஸுக்குச் சொல்லத் தம்பியும் பெரியவளின் கணவனும் கேட்டுக்குக் கிளம்பினார்கள். கிளம்புமுன் கணவன் அவளை விறகுக் குவியல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"நீ எதையும் இப்ப சொல்லிட்டு இருக்காத. தூக்கத்துல கை பட்டிருக்கும். அவ்வளவுதான்."

"டம்ளர நான் எடுத்து வச்சேங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு காரில் போய் ஏறிக்கொண்டான்.

மூன்று பெண்களும் அவரும்தான் இப்போது வீட்டில். அம்மா அவர் தலைமாட்டில் இருந்தாள். பெரியவள் விறகடுப்பில் தண்ணீர் வைத்தாள், அவர் முகத்தைத் துடைக்க. தம்பி மனைவி பக்கத்தில் குந்தி, சுள்ளியை ஒடித்து ஒடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு சுள்ளியும் ஒடியும்போது பெரியவளுக்கு முதுகு கூசியது. அந்தப் பெண் அப்போது எழுந்தாள், போக இருந்தாள், பிடித்து உட்கார வைத்தது என் கை. இதை இவள் இன்று சொல்வாளா, தம்பியிடம் ராத்திரி சொல்வாளா, இல்லை நாளைக்கு ஏதாவது வாய்ச்சண்டையில் தூக்கிப் போடுவாளா? நான் அதட்டியபோதெல்லாம் தலை குனிந்து போனவள்தான். குனிந்த தலைக்குள் என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்? இன்று முதல் என் உயிர் இவள் நாக்கு நுனியில் என்று பெரியவள் நினைத்தாள். கேட்டுவிடலாம், கெஞ்சியாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"தண்ணி சுட்டுடுச்சா பாரு," என்றுதான் வந்தது.

அந்தப் பெண் விரலை நனைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் ஆகணும்," என்றாள். கொஞ்சம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே, "நான் சொல்ல மாட்டேன் அண்ணி," என்றாள்.

நெஞ்சு லேசாக வேண்டிய நேரம். ஆனால் பெரியவளுக்கு யாரோ தன் கையில் கனமான எதையோ கொடுத்து, கீழே வைக்கவே கூடாது என்று சொன்னது போலிருந்தது.

வெந்நீரை எடுத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அம்மா துணியை நனைத்துப் பிழிந்து, அவர் நெற்றியை, காதோரத்தை, நகக்கண்களைக்கூட விடாமல் துடைத்தாள். மாவு வேலைக்காரருக்கு நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை இருக்கும். இப்போது இல்லை. அந்தப் பக்கத்துக் கையைத் துடைக்கக் கட்டிலைச் சுற்றி வந்தவள், முக்காலி அருகே நின்றாள். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். காலை எடுத்து, மறுபடி அதே பலகையில் வைத்தாள்.

"இங்க எப்படி ஈரம்?"

அறையில் அடுப்புப் புகை மட்டும் அசைந்தது.

"நான்தான் அத்தை," என்றாள் தம்பி மனைவி. "இப்ப தண்ணி கொண்டு வந்தப்போ சிந்திட்டேன்."

அம்மா தலையாட்டினாள். துணியை மீண்டும் பிழிந்தாள். அந்த விஷயம் அதோடு முடிந்துவிட்டது. கேட்டவள் நம்பிவிட்டாள், சொன்னவள் மாற்றிச் சொல்லப் போவதில்லை. பெரியவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆயுசுக்கும் போதும்.

அவள் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், காது வரைக்கும் சிவந்திருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டில், மதியம் தான் பிடித்த இடம், பெரியவள் கண்ணுக்கு மட்டும் தனியாகத் தெரிந்தது.

"அவ சிந்தலம்மா."

அம்மா நிமிரவில்லை.

"டம்ளர் விழுந்துச்சு. நீங்க போன கொஞ்ச நேரத்துல. இவ எழுந்தா, போய்ப் பாக்கறேன்னா. நான்தான் கையப் பிடிச்சு உக்கார வச்சேன். அப்புறம் மூணு பேரும் ஓடைக்குப் போயிட்டோம்."

துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் வந்தப்போ டம்ளர் முக்காலி மேல இருந்துதே."

"நான் எடுத்து வச்சேன்."

"எப்ப?"

"பாத்ததும். யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி."

அம்மா இப்போது மகளைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். அது தெருவில் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலிருந்தது.

"போகாதது சரி. நான்தான் எழுப்பாதீங்கன்னுட்டுப் போனேன். அத ஏன் எடுத்து வச்ச?"

"தெரியலம்மா."

"என் கண்ணுல படக் கூடாதுன்னா?"

 கூடத்து அடுப்பில் மீதித் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அம்மா துணியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இரு."

விரலசைவில் ஒரு கூடத்தையே ஆட்டி வைக்கிறவள், சொன்ன சொல்லுக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். மரங்களின் நிழல் நீண்டு வீட்டைத் தொட்டது. உள்ளே அம்மா பேசுவது கேட்டது, யாரிடம், என்ன என்று புரியாத தாழ்ந்த குரல். தம்பி மனைவி ஒருமுறை வந்து, தேநீர் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தேநீர் ஆறி, அதன் மேல் ஓர் எறும்பு மிதந்தது. அழுகை வரும் என்று பெரியவள் காத்திருந்தாள். தம்பி திரும்பி வந்து கேட்கப்போகும் கேள்விதான் நெஞ்சில் நின்றது.

ஆம்புலன்ஸ் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கனத்த ஷூக்களோடு மரத்தரை அதிர நடந்து உள்ளே போனார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தில் விரல் வைத்தார். எல்லோரும் அறைக்குள் வந்து நின்றார்கள். பெரியவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"ஆகி ரொம்ப நேரமாச்சு," என்றார் அவர். "முன்னாடியே ஏதாவது சொன்னாரா? வலி, மூச்சுத் திணறல்?"

தம்பி அதற்கு முந்திக்கொண்டான். "உடனே பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா சார்?"

"அத இப்ப யார் சொல்ல முடியும்? பக்கத்துல யார் இருந்தது?"

தம்பி திரும்பினான். மனைவியைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், கடைசியில் நிலைப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தான். அக்காவின் உதடு பிரிந்தது.

"தூக்கத்துலயே போயிட்டார்," என்றாள் அம்மா.

கிசுகிசுப்பாக இல்லை, அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வெள்ளைச் சட்டைக்காரரை நேராகப் பார்த்தபடி மேலே சொன்னாள்: "காலையில இடது தோள் வலிக்குதுன்னார். விறகு தூக்கினதால இருக்கும்னு எண்ணெய் தடவி விட்டேன். பிள்ளைங்ககிட்ட சொல்ல வேணாம், வந்த சந்தோஷம் கெட்டுடும்னார். நானும் சொல்லல."

தம்பியின் கேள்வி அங்கேயே நின்றுபோனது. பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது: காலையிலிருந்து அந்த அறையில் எண்ணெய் வாசனை இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவளைப் போல, போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

தூக்குப் படுக்கையில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். கூட இரண்டு பேர்தான் வரலாம் என்றார் ஓட்டுநர். அம்மா ஏறி உட்கார்ந்தாள். அடுத்தது மகன்தான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தம்பி படியில் கால் வைத்தான்.

"நீ உன் பொண்டாட்டியோட கார்ல வா," என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. வழியில ஏதாவது வாங்கிக் குடு."

பிறகு, யாரையும் பெயர் சொல்லாமல், "அவ வரட்டும்," என்றாள்.

பெரியவள் ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். நடுவில் அப்பா. அவர் தலையைப் பிடித்தபடி அம்மா, அவளுக்கு நேர் எதிரே மகள். கதவைச் சாத்தியதும் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. காட்டுப் பாதை கீழ்நோக்கி வளைந்து வளைந்து இறங்கியது. முதல் வளைவில் வண்டி சாய்ந்தபோது பெரியவள் பிடிமானமில்லாமல் சறுக்கி, கதவில் இடித்துக்கொண்டாள்.  அம்மாவின் ஒரு கை அவர் தலையை அணைத்துப் பிடித்திருந்தது, மறு கை கம்பியில் இருந்தது.

அடுத்த வளைவு வருவதை ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதிலிருந்தே தெரிந்தது. அம்மா படுக்கைக்கு அடியில் காலை நீட்டினாள். மகளின் பாதங்களுக்கு எதிராகத் தன் பாதங்களை வைத்து, முழங்காலை விறைப்பாக்கி, முட்டுக்கொடுத்தாள். வண்டி சாய்ந்தது. இருவரும் நகரவில்லை.